பதினேழாம் பக்கத்து இருமல்

குழாய்த் தொழிற்சாலையின் ஆண்டறிக்கையில் பதினேழாம் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த மனிதர், அச்சாகி மூன்றாம் நாள், திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு இருமினார். அவர் இறந்து அப்போது ஐந்து வாரம் ஆகியிருந்தது. முதலில் இரண்டு குட்டை இருமல், பிறகு நெஞ்சின் அடியிலிருந்து ஒரு நீளமான இருமல், கடைசியில் தொண்டையைச் செருமி 'ம்ம்' என்று ஒரு முடிப்பு. அச்சகத்தின் பைண்டிங் பகுதியில் ஆறாயிரம் பிரதிகளுக்கான தாள்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஆறாயிரமும் ஒரே நேரத்தில் இருமியதால் மேஜை மேலிருந்த பசைக் கிண்ணம் நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது. மடித்துக்கொண்டிருந்த நான்கு பெண்களில் மூன்று பேர், யாரோ உள்ளே வருகிறார்கள் என்று வாசலைப் பார்த்தார்கள். நான்காமவள் மட்டும் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். நான்கு வருடம் அந்த இருமலுக்குப் பக்கத்தில் படுத்து எழுந்தவளுக்கு, அது யாருடையது என்று இன்னொருவர் சொல்ல வேண்டியதில்லை.

அவளை அச்சகத்தில் எல்லோரும் பைண்டிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த மெஷின்காரர்கூட அப்படித்தான். பதினாறு பக்கங்கள் சேர்ந்து ஒரே பெரிய தாளாக வரும். அதை மூன்று முறை மடித்து, மரக்கட்டையால் மடிப்பைத் தேய்த்து, வரிசைப்படி சேர்த்து, தைத்து, முதுகில் பசை தடவி, ஓரம் வெட்ட அனுப்புவது அவள் வேலை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் படிப்பதில்லை. பக்க எண்ணை மட்டும் பார்ப்பாள். பதினெட்டு வருடத்தில் பாடப் புத்தகங்கள், கோர்ட்டுத் தீர்ப்புகள், சமையல் குறிப்புகள், ஒரு மந்திரியின் வாழ்க்கை வரலாறு எல்லாம் அவள் விரல் வழியாகப் போயிருக்கின்றன, ஒரு வரிகூட மனதில் ஒட்டாமல். வெள்ளிக்கிழமை இரண்டாவது கட்டுத் தாளை விரித்தபோதுதான், பதினேழு என்ற எண்ணுக்கு மேலே தன் கணவர் கையில் கண்ணாடித் தம்ளரோடு சிரிப்பதைப் பார்த்தாள். அவளிடம் யாரும் சொல்லவில்லை. படத்துக்குக் கீழே மேற்கோள் குறிகளுக்குள் ஒரு வாசகம் இருந்தது: 'இப்போது என் குடும்பம் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கிறது.' பெயர் இல்லை. 'பயனாளி ஒருவர்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். மடிப்பு சரியாக அவர் காதை ஒட்டி விழுந்தது. வேலை வேலைதானே என்று அன்று அவள் அந்தக் காதை ஆயிரத்து இருநூறு முறை கட்டையால் தேய்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் முகத்தில் தெரியாது, கையில்தான் தெரியும். அன்றைய மடிப்புகள் கத்திபோல இருந்தன என்று மெஷின்காரர் பிறகு சொன்னார். இரண்டு பேர் அதில் விரலை அறுத்துக்கொண்டார்கள்.

அவள் கணவரை ஊரில் பம்ப்காரர் என்பார்கள். தொழிற்சாலைக்குப் பின்னால் உள்ள ஏழு தெருக்களில் எந்த வீட்டு மோட்டார் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கிணற்றில் இறங்குவார், உறையோடு சேர்த்து பம்பைக் கழற்றி மேலே கொண்டுவருவார், வாஷர் மாற்றுவார், மறுபடி இறங்குவார். மோட்டார் ஓடியதும் முதல் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் 'ஓடுது' என்று சொல்வார். குடிக்காமல் சொன்னதே இல்லை. ஏழு தெருத் தண்ணீரும் அவர் நாக்குக்குத் தெரியும். அதனால் தண்ணீர் மாறியதையும் அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். லேசான மஞ்சள், ஆறிப்போன டீயில் பாதித் தண்ணீர் கலந்ததுபோல. நாக்கின் ஓரத்தில் ஒரு ஆணியைச் சப்பிய ருசி. பம்புகளுக்குள் இருந்த பித்தளைச் சக்கரங்கள் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிக்கொண்டிருந்தன. தொழிற்சாலை செய்வது குளியலறைக்கான பளபளப்புக் குழாய்கள். அந்தப் பளபளப்பைப் பூசிக் கழுவிய தண்ணீர், பின்பக்கச் சுவரிலிருந்த ஒரு குழாய் வழியாக ஓடைக்குப் போனது. ஓடையிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து கிணறுகளுக்கும் போனது. இதை ஒரு தாளில் படம் போட்டு எடுத்துக்கொண்டு பம்ப்காரர் தொழிற்சாலை வாசலுக்கு ஒன்பது முறை போனார். ஒன்பது முறையும் அவர்கள் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். ஒரு காலண்டர் கொடுத்தார்கள். 'பூமி நம் தாய்' என்று அச்சடித்த துணிப்பை ஒன்று கொடுத்தார்கள். ஒன்பதாவது முறை ஒரு மரக்கன்று கொடுத்தார்கள். அதை அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தார், பதினோராம் நாள் பட்டுப்போனது.

கிணற்றுக்குள் தேங்கி நின்ற ஆவியை அவர் நெஞ்சு நிறைய வாங்கிக்கொண்டார். கம்பெனி நடத்திய இலவச முகாமில் ஒரு டாக்டர் அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் குழாயை வைக்காமலே, புகை பிடிப்பதை நிறுத்துங்கள் என்று எழுதிக்கொடுத்தார். பம்ப்காரர் வாழ்நாளில் புகை பிடித்ததில்லை. "இல்லாத பழக்கத்தை எப்படிடி விடறது?" என்று மனைவியிடம் கேட்டுச் சிரித்து, சிரித்ததில் இருமி, இருமியதில் அரைமணி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தப் புகைப்படம் எடுத்த கதையும் அவளுக்குத் தெரியும். தெருமுனையில் கம்பெனி ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டியது. நீலக் கூரை, ஆறு பளபளப்புக் குழாய்கள், கம்பெனித் தலைவரின் படம். திறப்பு விழா அன்று காலை மோட்டார் ஓடவில்லை. பம்ப்காரருக்கு ஆள் அனுப்பினார்கள்; இருமிக்கொண்டே போய் ஓடவைத்துக் கொடுத்தார். வந்திருந்த புகைப்படக்காரர், பாட்டில் தண்ணீரை ஒரு தம்ளரில் ஊற்றி அவர் கையில் கொடுத்துச் சிரிக்கச் சொன்னார். புகைப்படக்காரர் பின்னால் நகர்ந்து நகர்ந்து ஈர சிமெண்டில் காலை வைத்துவிட்டதைப் பார்த்துத்தான் பம்ப்காரருக்குச் சிரிப்பு வந்தது. சுத்திகரிப்பு நிலையம் ஒன்பது நாள் ஓடியது. வடிகட்டியை மாற்ற யாரும் வரவில்லை. அதன்பிறகு ஆறு குழாய்களும் தண்ணீர் இல்லாமல் பளபளத்துக்கொண்டு மட்டும் இருந்தன.

இருமல் கேட்ட அன்று அச்சக முதலாளி பைண்டிங் பகுதிக்கு வந்து, தாள் ஈரமாக இருந்தால் இப்படிச் சத்தம் வரும் என்று சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தால் அவரே அதை நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனால் சனிக்கிழமை டெலிவரி. அந்த வாரம் முழுக்க ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது முறை பதினேழாம் பக்கம் இருமியது. பெண்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மடித்தார்கள். பைண்டிங் அக்கா வைத்துக்கொள்ளவில்லை.

ஆண்டுக் கூட்டத்தில் நானூறு நாற்காலிகளில் நானூறு பிரதிகள் வைக்கப்பட்டிருந்தன. தலைவர் மேடையில் நின்று, நமக்கு லாபம் இரண்டாவது, இயற்கை முதலாவது என்று சொன்ன இடத்தில் அரங்கமே இருமியது. குளிர்சாதனத்தைக் குறைக்கச் சொன்னார். வரும் தலைமுறைக்கு நாம் விட்டுச்செல்வது என்ன என்று அவர் கேட்ட இடத்தில் மறுபடியும். எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நான்காவது முறை பங்குதாரர்கள் தங்கள் மடியைப் பார்த்தார்கள். ஒரு பெண்மணி அறிக்கையை மெதுவாக நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் கைதட்டினாள். அதே நேரத்தில் விமான நிலையத்தின் காத்திருப்பு அறையிலும், இரண்டு அமைச்சகங்களிலும், ஒரு பல்கலைக்கழக நூலகத்திலும், பசுமை விருது வழங்கும் குழுவின் அலுவலகத்திலும் பதினேழாம் பக்கம் இருமியது. விருது முன்பே முடிவானது என்பதால் கொடுக்கப்பட்டது. பாராட்டுரையை வாசித்தவர் இருமலுக்காக ஐந்து இடத்தில் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

கம்பெனியில் 'சமூகப் பொறுப்பு மற்றும் சுற்றுச்சூழல் நிலைத்தன்மைப் பிரிவின் முதன்மை அதிகாரி' என்று ஒருவர் இருந்தார். அந்தத் தெருக்காரர்களுக்கு அவ்வளவு நீளத்துக்கு மூச்சு இல்லாததால் அவரைப் 'பொறுப்பு' என்று சுருக்கிவிட்டார்கள். பொறுப்பு சுறுசுறுப்பானவர், வெள்ளைச் சட்டையில் கறை படாமல் எந்தத் தெருவிலும் நடக்கத் தெரிந்தவர். பக்கத்தை மட்டும் மாற்றி அடிக்கச் சொன்னார். பம்ப்காரருக்குப் பதிலாக, எந்த நாட்டுக்காரி என்றே தெரியாத, முத்துப்பல் வரிசை கொண்ட ஒரு விளம்பரப் பெண்ணின் படத்தைப் போட்டார்கள். அவளும் பம்ப்காரரின் குரலிலேயே இருமினாள். பூவைப் போட்டார்கள், பூ இருமியது. பக்கத்தையே எடுத்துவிட்டு பதினாறுக்குப் பிறகு பதினெட்டு என்று போட்டார்கள்; இரண்டுக்கும் நடுவிலிருந்து வந்தது. பிரதிகளைத் திரும்ப வாங்கிக் கூழாக்கினார்கள். கூழை வாங்கிய ஆலை முட்டை அட்டைகள் செய்தது. கடைகளில் முட்டை அட்டைகள் இருமின; இல்லத்தரசிகள் ஒரு வாரம் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிப்போய் முட்டை உடையாமல் இருந்தால் சரி என்று வாங்கிப் போனார்கள்.

அதன்பிறகு கம்பெனி செய்த காரியம்தான் பைண்டிங் அக்காவால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியாதது. தலைநகரிலிருந்து நாட்டிலேயே பெரிய நெஞ்சு நோய் நிபுணரை விமானத்தில் வரவழைத்தார்கள். அவர், கூழாக்காமல் மிச்சம் வைத்திருந்த ஒரு பிரதியின் பதினேழாம் பக்கத்தில் குழாயை வைத்து, கண்ணை மூடி, இருபது நிமிடம் கேட்டார். பக்கத்தைத் திருப்பி முதுகுப் பக்கமும் கேட்டார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தில் தாளுக்குள் இரண்டு நுரையீரல்கள் தெரிந்தன, இரண்டிலும் கரையான் அரித்த மரம்போல ஓட்டைகள். நான்கு வருடம் முன்பே சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்து, பக்கத்தை ஈரமில்லாத, காற்றோட்டமான அறையில் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பக்கத்துக்குத் தலைமை அலுவலகத்தில் தனி அறை ஒதுக்கினார்கள். ஜன்னல் இருந்தது, காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் இருந்தது. பம்ப்காரர் செத்த அறையில் ஜன்னலைத் திறந்தால் ஓடைதான்.

அதற்கடுத்த வாரம் பொறுப்பு அவள் வீட்டுக்கு வந்தார், சொந்தத் தண்ணீர் பாட்டிலோடு.

"உங்க வீட்டுக்காரர் கொஞ்சம் தொந்தரவா இருக்கார்ம்மா."

"அவர் செத்துட்டார் சார்."

"தெரியும்மா, ரொம்ப வருத்தம். ஆனா இருமறாரே. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நிறுத்துவாரோன்னு..."

"உயிரோட இருந்தப்பவே நான் சொல்லிக் கேட்டதில்ல. கிணத்துல இறங்காதீங்கன்னு ரெண்டு வருஷம் கத்தினேன். இப்ப மட்டும் கேட்டுடுவாரா?"

பொறுப்பு சிரிக்கலாமா கூடாதா என்று யோசித்து, பாதி சிரித்தார். கம்பெனி ஒரு சமுதாயக் கூடம் கட்டி அதற்கு அவர் பெயர் வைக்கத் தயார் என்றார். அவர் பெயர் என்ன என்றும் கேட்டுக்கொண்டார். பைண்டிங் அக்கா சொல்லவில்லை.

"ரெண்டே ரெண்டு விஷயம். பின்னாடி சுவர்ல இருக்கற குழாயை அடைங்க. அப்புறம், அவர் சொல்லாத பேச்சை அவர் வாயில வெச்சீங்களே, அதை எடுங்க."

"குழாய் விஷயமா ஒரு கமிட்டி போட்டிருக்கோம்மா."

"கமிட்டில யாராவது இருமறாங்களா?"

அவர் குறிப்பேட்டை மூடிவிட்டு எழுந்தார். போகும்போது தெருவில் இருந்த ஒரு குட்டையை அழகாகத் தாண்டிப் போனார்.

மழைக்காலத்துக்கு முன்பு, சரக்கு லாரி ஒன்று பின்னோக்கி வந்து தொழிற்சாலையின் பின்சுவரை இடித்தது. கழிவுக் குழாய் நசுங்கியது. கழிவு வெளியேற வழியில்லாமல் எட்டு நாள் பளபளப்புப் பூசும் வேலையை நிறுத்திவைத்தார்கள். அந்த எட்டு நாளும் உலகத்தின் எந்த மூலையிலும் பதினேழாம் பக்கம் இருமவில்லை. அச்சகத்தில் மிஞ்சிக் கிடந்த கழிவுத் தாள்களும் ஓய்ந்ததால் பெண்கள் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு வெகுநாள் கழித்து ஊர் வம்பு பேசினார்கள். பைண்டிங் அக்கா வீட்டுச் சுவரில் ஒரு பதினேழாம் பக்கக் கழிவுத் தாளை ஒட்டி வைத்திருந்தாள். வேலை விட்டு வந்ததும் அதன் எதிரில் உட்கார்ந்துதான் காய்கறி நறுக்குவாள், மகள் அனுப்பிய கடிதங்களை வாசித்துக் காட்டுவாள், முதலாளியைத் திட்டுவாள். அவர் இருமுவதை 'ஆமாம்' என்றோ 'அப்படியா' என்றோ எடுத்துக்கொள்வாள். இந்த எட்டு நாளும் அவர் வெறும் மைதான். அவள் இரண்டு முறை சமைக்காமல் இருந்தாள். ஆனால் நான்காம் நாள் கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரில் வாளியின் அடி தெரிந்தது. எதிர்வீட்டுக் குழந்தையின் கையில் இருந்த சொறி ஆறாம் நாள் காயத் தொடங்கியது.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணி பத்து நிமிடத்துக்குக் குழாயைச் சரிசெய்து திறந்தார்கள். பத்து மணி பத்து நிமிடத்துக்குச் சுவர் இருமியது. பைண்டிங் அக்கா அன்று விடுப்பு. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், "வந்துட்டீங்களா" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் எதிர்வீட்டுக் குழந்தை ஞாபகம் வந்தது. தன்னையே ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. வெளியே வந்தபோது டீக்கடைக்காரர் கையில் கெட்டிலோடு நடுத்தெருவில் நின்று தொழிற்சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, குழாய் ஓடினா அண்ணன் இருமறாரு. குழாய் நின்னா அண்ணன் நிக்கறாரு. இவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போயி டாக்டரை பிளேன்ல கூட்டிட்டு வந்தானுங்க!"

இது கம்பெனிக்கும் புரிந்துவிட்டது. பொறுப்பு இரண்டாவது முறை வந்தபோது பாட்டில் கொண்டுவரவில்லை, குரலை வெகுவாகத் தாழ்த்திக்கொண்டு வந்தார். சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். அதன் எதிரில் போட்டிருந்த பாயையும், பாய்மேல் இருந்த கடிதத்தையும் பார்த்தார். கெட்டிக்காரர், பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"நல்லா யோசிச்சுக்கங்கம்மா. குழாயை அடைச்சா இவர் சத்தம் நின்னுடும். ஒரேயடியா. அந்த எட்டு நாள் உங்களுக்கு எப்படி இருந்ததுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. நாங்க வேணா சத்தத்தோட பழகிக்கறோம். உங்களுக்காகத்தான் சொல்றேன்."

அவர் சொன்னது உண்மை. ஒரு அயோக்கியன் உண்மையைக் கையில் எடுத்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தாள். கடிதத்தை எடுத்து இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள், மேற்கொண்டு மடிக்க முடியாத அளவுக்கு மடித்தாள்.

"அவரைக் கொன்னீங்க. கொன்னுட்டு அவர் படத்தைப் போட்டு நல்ல பேர் வாங்கினீங்க. இப்ப, என் புருஷன் சத்தம் எனக்கு வேணும்னா தெருவே விஷம் குடிக்கணும்னு என்கிட்டயே வந்து பேரம் பேசறீங்க. எழுந்திருங்க. முதல்ல அந்தப் பாயிலேர்ந்து காலை எடுங்க."

மறுநாள் அவள் முதலாளியின் அறைக்குப் போய், கழிவுக் கட்டில் கிடக்கும் பதினேழாம் பக்கத் தாள்களை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். கம்பெனி கூழாக்கியது பிரதிகளைத்தான். மை சரியாகப் பிடிக்காத தாள்கள், கோணல் மாணலாக விழுந்தவை என்று முந்நூறுக்கு மேல் அச்சகத்திலேயே இருந்தன. முதலாளி நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "குப்பையை யார் எடுத்துட்டுப் போனா எனக்கென்னம்மா, நான் சுவத்தைத்தான் பார்த்துட்டிருக்கேன்" என்றார். ஏழு தெருவிலும் ஒரு வீட்டுக்கு ஒன்று ஒட்டினாள். டீக்கடை, பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம், தொழிற்சாலையின் வெளிவாசல், தலைவர் வீட்டு மதில், எங்கும் பசை தடவினாள். பதினெட்டு வருடம் பசை தடவிய கை. கம்பெனி ஆட்கள் அரம் வைத்துச் சுரண்டியும் ஒன்றுகூட முழுதாக உரியவில்லை.

மறு வருடத்து அறிக்கையில் கம்பெனி மனிதப் படமே போடவில்லை. வெறும் எழுத்தும் வரைபடங்களும்தான். இயந்திரத்திலிருந்து முதல் தாள் விழுந்ததும் பதினோரு விதமான இருமல்கள் கேட்டன. அந்த வருடமும் அதற்கு முந்தின வருடமும் ஏழு தெருக்களிலும் செத்தவர்கள் பதினோரு பேர். பைண்டிங் அக்கா தெருவில் ஆள் அனுப்பினாள். பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டு அச்சகத்துக்கு வந்து மேஜையைச் சுற்றி நின்று கேட்டார்கள். முப்பத்தொன்றாம் பக்கம் டீக்கடைக்காரரின் தம்பி. நாற்பதாம் பக்கம், நீர் மேலாண்மை வரைபடத்துக்குள், பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர்; இருமுவதற்கு முன் வகுப்பில் செய்வதுபோலவே ஒரு முறை உச்சுக் கொட்டினாள். தலைவரின் செய்தி இருந்த மூன்றாம் பக்கத்தில் இருந்து வந்தது மிகச் சின்ன இருமல். அதைக் கேட்டதும் கூட்டத்தில் ஒருத்தி தாளைப் பிடுங்கி மார்போடு வைத்துக்கொண்டாள், யாராலும் வாங்க முடியவில்லை. அவளுடைய பிள்ளைக்கு இரண்டரை வயது. முதலாளி அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். பயந்த மனிதர் அவர், ஆர்டர் போனால் அச்சகம் என்னாகும் என்று அவருக்குத் தெரியும். போனில் கம்பெனியைக் கூப்பிட்டு, இதை எங்களால் அடிக்க முடியாது, வேறு எங்காவது அடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, பயத்தில் வியர்த்துப்போய் சட்டையைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்தார்.

வேறு நாட்டில் அடித்தார்கள், அங்கேயும் இருமியது. காகிதமே வேண்டாம் என்று கணினியில் வெளியிட்டார்கள். திறந்தவர்களின் கைப்பேசிகள் இருமின. மூன்றாவது வருடம் பங்குதாரர்கள் கடிதம் எழுதினார்கள். செத்தவர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. தொடர்ந்த இரைச்சலால் அறிக்கையைக் கவனமாக வாசிக்க முடியவில்லை என்றும், இது முதலீட்டாளர்களின் மன அமைதியைப் பாதிக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். பன்னிரண்டு வருடம் மனிதர்கள் கேட்டு அடைக்காத குழாயை அந்தக் கடிதம் வந்த இருபதாவது நாள் அடைத்தார்கள். கழிவைச் சுத்தம் செய்யும் நிலையம் ஒன்றைக் கட்டினார்கள்; கட்ட முடியாது, கட்டினால் தொழிலையே மூட வேண்டியிருக்கும் என்று சொல்லிவந்த அதே நிலையம், ஏழு மாதத்தில் எழுந்து நின்றது. அடுத்த அறிக்கையில், சமூகத்தின் குரலுக்குச் செவிசாய்த்துத் தாமாகவே முன்வந்து செய்ததாக எழுதிக்கொண்டார்கள். அதற்கும் ஒரு விருது கிடைத்தது. பொறுப்புக்குப் பதவி உயர்வு. அந்த அறிக்கை இருமவில்லை. பைண்டிங் அக்கா அதை டீக்கடையில் பார்த்தாள், முதல்முறையாக ஒரு புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள், படித்துவிட்டுக் கரியடுப்பில் போட்டாள். நன்றாகவே எரிந்தது, உயர்தரக் காகிதம்.

குழாயை அடைத்த அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. எத்தனை மணிக்கு அடைப்பார்கள் என்று வாசற்காவலரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தாள். மதியம் மூன்று மணி. இரண்டரைக்குச் சுவரின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியது நிறைய இருக்கும் என்று நினைத்திருந்தாள், வந்தது இரண்டுதான். மகளுக்கு வேலை உறுதியானதைச் சொன்னாள். கிணற்றுப் பம்பில் வாஷர் போய்விட்டது, புது ஆளுக்கு வேலை தெரியவில்லை என்று சொன்னாள். மூன்றடிக்கச் சில நொடிகள் இருக்கும்போது அவர் இருமினார். இரண்டு குட்டை, ஒரு நீளம். கடைசியில் வரும் 'ம்ம்' வருவதற்குள் மூன்றாகிவிட்டது.

இப்போது எட்டு வருடம் ஓடிவிட்டது. தண்ணீர் தெளிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். முழுதாக அல்ல, மண்ணுக்குள் இறங்கியது அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது. கம்பெனியும் திருந்திவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும், மழை பெய்யும் நாட்களைத் தவிர. மழையில் ஓடை பெருகி ஓடும்போது, இதில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று சில சமயம் கழிவைச் சுத்தம் செய்யாமல் திறந்துவிடுகிறார்கள், செலவு மிச்சம். திறந்த நிமிடமே ஏழு தெருச் சுவர்களும் இருமுகின்றன. மக்கள் அதற்குப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பெண்கள் மோட்டாரை நிறுத்துகிறார்கள். டீக்கடைக்காரர் அடுப்பைத் தணிக்கிறார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தண்ணீர்ப் பானையை மூடி வைக்கிறார்கள், யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பிறகு எல்லோரும் குடையை எடுத்துக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்கு நடக்கிறார்கள். வெளியூரிலிருந்து வாழ வந்த மருமகள்கள் முதல் தடவை கொஞ்சம் திகைப்பார்கள், இரண்டாவது தடவை குடையைத் தேடுவார்கள்.

போன வியாழக்கிழமை மதியம் தூறல். பைண்டிங் அக்கா அச்சகத்தில் ஒரு அகராதிக்கு முதுகு ஒட்டிக்கொண்டிருந்தாள். மெஷினுக்குப் பின்னால் ஒட்டியிருந்த தாள் இருமியது. இரண்டு குட்டை, ஒரு நீளம், கடைசியில் 'ம்ம்'. அவளுக்கு நெஞ்சு ஒரு முறை துள்ளியது. சந்தோஷம்தான், வேறு பெயர் கிடையாது அதற்கு. அவர் குரல் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டிய நிலைமையில் தன்னை வைத்திருக்கிறார்களே என்று அந்தச் சந்தோஷத்தின் மேலேயே கோபம் வந்தது. எட்டு வருடமாகியும் அந்தக் கோபம் ஒரு துளியும் ஆறவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "முதலாளி, போயிட்டு வந்துடறேன்" என்றாள். அவர் தலையசைத்தார்.

தொழிற்சாலை வாசலில் காவலர் ஏற்கெனவே தகரக் கொட்டகையின் கீழ் பெஞ்சுகளை இழுத்துப் போட்டிருந்தார். நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். யாரும் கத்தவில்லை, உள்ளே போகும் லாரியும் வெளியே வரும் லாரியும் நகர முடியாதபடி நின்றார்கள், அவ்வளவுதான்.

"இன்னைக்கு எவ்வளவு நேரம் ஆகும் அக்கா?" என்று காவலர் கேட்டார்.

"அடைக்கற வரைக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் முதல் வரிசையில், லாரியின் முன்சக்கரத்துக்கு நேர் எதிரில் போய் நின்றுகொண்டாள்.